நாயனத்தில் 'ஹேலோ': எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். நாதஸ்வரம், தவில், இரண்டு வயலின், ஒரு கீபோர்டு, சர்ச் பாடகர் குழுவில் பாடும் நான்கு இளைஞர்கள் என்று எங்களுக்கு ஒரு சிறு குழு உண்டு. கல்யாண ரிசப்ஷன்களில் 'ஹேலோ' என்ற வீடியோ கேமின் தலைப்பு இசையை வாசிக்கிறோம். வாசித்து முடித்துக் கீழே இறங்கினால், பந்திக்குப் போகிறவர்கள் நிறுத்தி நிறுத்திக் கேட்கிறார்கள். மண்டபத்துச் சத்தத்தில் நின்று சொல்ல முடியாததை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

இது எந்தப் படத்துப் பாட்டு?

படத்துப் பாட்டு இல்லை. 2001 நவம்பர் 15 அன்று, மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸ் பெட்டி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த அதே நாளில் வெளியான 'ஹேலோ: காம்பாட் இவால்வ்டு' என்ற கேமின் தலைப்பு இசை. கதை நடப்பது 2552ஆம் ஆண்டு. வேற்றுக்கோள் படையிடமிருந்து தப்பி ஓடும் ஒரு கப்பல், விண்வெளியில் மிதக்கும் பெரிய வளையம் ஒன்றைக் காண்கிறது. வளையத்தின் விட்டம் 10,000 கிலோமீட்டர், பூமியைவிடக் கொஞ்சம்தான் சிறிது. அதன் உள்பக்கத்தில் கடல், காடு, மலை எல்லாம் இருக்கின்றன.

பாபநாசத்தில் ஆற்றங்கரையில் நின்று மேற்கே பார்த்தால் பொதிகை எழும்பி நிற்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வளையத்தில் நிற்பவனுக்கு முன்னும் பின்னும் நிலமே அப்படி எழும்பி, உயர உயரப் போய், மெலிந்து, தலைக்கு மேலே ஒன்றாய்ச் சேர்ந்துவிடும். அந்தக் காட்சிக்குத்தான் இந்த இசை.

இதை அமைத்தது யார்?

மார்ட்டி ஓ'டோனெல், மைக்கேல் சால்வடோரி என்ற இருவர். கேமைச் செய்த நிறுவனம் பங்கி. அப்போது அது சிகாகோவில் இருந்தது. ஓ'டோனெல் அதற்கு முன் விளம்பரப் பாடல்களுக்கு இசையமைத்தவர்.

1999 ஜூலையில் நியூயார்க்கில் நடந்த மேக்வேர்ல்டு கண்காட்சியில், ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் இந்தக் கேமை முதன்முதலாகக் காட்ட ஏற்பாடு ஆனது. அதற்கு இசை வேண்டும், நாளோ விரல்விட்டு எண்ணும் அளவுதான். எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டபோது பங்கியைச் சேர்ந்த ஜோசப் ஸ்டேட்டன் சொன்னது மூன்றே விஷயம்: பழமை வேண்டும், பிரம்மாண்டம் வேண்டும், மர்மம் வேண்டும். ஓ'டோனெல் தமக்கு முன்பே பழக்கமான பாடகர்கள் சிலரைக் கூட்டி, தாமும் அவர்களோடு நின்று பாடி, பதிவு செய்து, அன்றிரவே கலந்து முடித்து நியூயார்க்குக்கு அனுப்பிவைத்தார். அவசரத்தில் செய்த வேலை. இருபது வருஷம் தாண்டியும் அந்த முதல் வரியைக் கேட்டதும் ஆள் நிமிர்ந்து உட்காருகிறான்.

எதிர்காலக் கதைக்கு எதற்காகத் துறவிகள் பாடுவது போன்ற குரல்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். "ராக்கெட்டு, துப்பாக்கின்னு சொல்லுதீங்க, பாட்டு கோயில்ல கேக்க மாதிரில்லா இருக்கு" என்றார். அவர் காது சரியான இடத்தைத்தான் தொட்டது.

கதை எதிர்காலத்தில் நடந்தாலும் வளையம் பழசு. அதைக் கட்டியவர்கள் ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துபோனார்கள். இசை கேமின் நாயகனுடைய துப்பாக்கியைப் பாடவில்லை, அவன் கால் வைத்திருக்கும் இடத்தின் வயதைப் பாடுகிறது. ஆதிச்சநல்லூர்ப் பறம்பில் வெயில் தாழ்ந்த நேரத்தில் நின்றிருக்கிறீர்களா? தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ நூற்றிருபது வருஷத்துக்கு முன் தோண்டி எடுத்த முதுமக்கள் தாழிகள் போக, காலடியில் இன்னும் எத்தனை தாழிகள், எத்தனை பேர் என்று நினைத்தால் பேச்சு தானாகக் குறையும். இந்த இசை முதல் பத்து நொடியில் செய்வது அதைத்தான்.

அந்தக் குரல்கள் பாடுவது லத்தீனா?

எந்த மொழியும் இல்லை. வாயைத் திறந்து உயிரொலியில் மட்டும் பாடுகிறார்கள், நம்முடைய அகாரம் போல. தொடக்கத்தில் எல்லோருக்கும் ஒரே வரிதான். ஐரோப்பிய மடங்களில் துறவிகள் கூடிப் பாடும் கிரிகோரியன் முறை அது.

எங்கள் இளைஞர்களுக்கு இதுதான் கடினமாக இருந்தது. நால்வரும் ஊசிக்கோபுர சர்ச் இருக்கிற இந்த ஊரில் சின்ன வயதிலிருந்தே நான்கு பிரிவாகப் பாடிப் பழகியவர்கள். பாட்டு என்றாலே ஒருவன் டெனருக்கும் ஒருவன் பேஸுக்கும் தானாக நகர்ந்துவிடுவான். நான்கு பேரும் ஒரே சுரத்தில், ஒருவன் குரல் தனியாகத் தெரியாமல் பாட இரண்டு வாரம் ஆயிற்று.

இது என்ன ராகம்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

மேற்கத்திய முறையில் இதன் சுர வரிசைக்கு டோரியன் என்று பெயர். அந்த வரிசையை நம் கணக்கில் போட்டால் சட்ஜம், சதுச்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், சதுச்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். அதாவது 22ஆவது மேளம், கரகரப்பிரியா. பழந்தமிழ்ப் பாலைகளில் கோடிப்பாலை என்று இசை ஆய்வாளர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். மூல இசையில் சட்ஜம் ஈ சுரத்தில் இருக்கிறது, நம் பேச்சில் மூன்று கட்டை.

காதில் பிடித்துக்கொள்ள உள்ளூர் வழி ஒன்று உண்டு. சேரன்மகாதேவி பக்கத்துக் காருகுறிச்சியில் பிறந்த அருணாசலம் 1962இல் 'கொஞ்சும் சலங்கை' படத்துக்காக வாசித்த 'சிங்கார வேலனே' தெரியாத வீடு இந்தப் பக்கம் கிடையாது. அது ஆபேரி. ஆபேரி கரகரப்பிரியாவின் பிள்ளை. மேலே ஏறும்போது ரிஷபத்தையும் தைவதத்தையும் விட்டுவிடும், இறங்கும்போது ஏழு சுரத்தையும் தொட்டுக்கொண்டு வரும். அந்த இறக்கத்தை மட்டும் மெதுவாகப் பாடிப் பாருங்கள், 'ஹேலோ' எந்த வீட்டுச் சுரங்களில் குடியிருக்கிறது என்று பிடிபட்டுவிடும்.

ஆனால் 'ஹேலோ' கரகரப்பிரியா ராகம் என்று நான் சொல்ல மாட்டேன். சுர வரிசை ஒன்றுதான், ராகம் வேறு. காந்தாரத்தையும் நிஷாதத்தையும் அசைக்காமல் கரகரப்பிரியா வராது. துறவிகள் பாட்டிலோ சுரம் வைத்த இடத்தில் அப்படியே நிற்கும். ஏழு சுரமும் ஒன்றாக இருந்தும், ஒன்று கல் மண்டபத்தில் விளக்கு அசைவது போல இருக்கிறது, மற்றது அந்த மண்டபத்துக் கல்லாகவே இருக்கிறது.

நாதஸ்வரத்தில் இதை வாசிக்க என்ன சிரமம்?

மேலே சொன்னதுதான் சிரமம். எங்கள் நாயனக்கார அண்ணாச்சிக்கு முதன்முதலில் இதை என் வீட்டுத் திண்ணையில் வைத்துப் போட்டுக் காட்டினேன். நாயனத்தின் ஊதுமுனையான சீவாளியை வாயில் வைத்து நனைத்துக்கொண்டே கேட்டார். பாதியில் கையைத் தூக்கி, "கரகரப்பிரியால்லா வே இது" என்றார். உடனே நாயனத்தை எடுத்து வாசித்தார். வாசித்தது அருமையான கரகரப்பிரியா. பக்கத்து வீட்டு ஆச்சி சுவரருகே வந்து நின்று கேட்டார்கள். ஆனால் 'ஹேலோ' அதில் இல்லை.

அசைக்காமல் வாசிக்க வேண்டும் என்றேன். "அசைக்காம எப்படி வே ஊத? சுரத்த கம்பு மாதிரில்லா நிறுத்தணும்?" என்றார். அதற்கப்புறம் அவர் செய்தது எனக்கே பாடம். ஏற்கெனவே போட்டிருந்த சீவாளியைக் கழற்றினார். தண்டில் கட்டித் தொங்கும் கொத்திலிருந்து வேறொன்றை எடுத்து, உதட்டில் வைத்து ஒலிக்கவிட்டுப் பார்த்தார். பிடிக்கவில்லை, அடுத்ததை எடுத்தார். நான்காவது சீவாளி கொஞ்சம் கெட்டியானது. அதில் மூச்சைக் குறைத்து, உதட்டை இறுக்கி, காந்தாரத்தை ஒரே நேராகப் பிடித்தார். நெற்றி நரம்பு புடைத்தது. எட்டு எண்ணும் வரை அந்தச் சுரம் ஒரு நூல்கூட நகரவில்லை. அசைவுக்காகவே வளர்ந்த ஒரு கலையில் நாற்பது வருஷம் இருந்தவர் அசையாமல் நிற்பதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

இன்னொரு சின்ன விஷயம், அவருடைய நாயனம் இரண்டு கட்டை. அதனால் மூன்று கட்டையிலிருந்து எல்லாவற்றையும் இரண்டுக்கு இறக்கிக்கொண்டோம். குரல்களுக்கு அது நல்லதாகவே அமைந்தது, இன்னும் ஆழமாகக் கேட்கிறது.

கேமுக்குள் இந்த இசை ஆளுக்கு ஆள் மாறும் என்கிறார்களே, எப்படி?

எனக்கு இந்த இசை மேல் பிரியம் வந்ததே இதனால்தான்.

சினிமாவில் சண்டைக் காட்சி நான்கு நிமிடம் என்றால் இசையும் நான்கு நிமிடம். கேமில் அந்தக் கணக்கு இசையமைப்பாளர் கையில் இல்லை. ஒரு பையன் சண்டையை ஒரு நிமிடத்தில் முடிப்பான், இன்னொருவன் பாறைக்குப் பின்னால் பத்து நிமிடம் ஒளிந்திருப்பான். இரண்டு பேருக்கும் தன் ஆட்டத்துக்கென்றே வாசித்தது போல இருக்க வேண்டும். மேக்வேர்ல்டு காட்சிக்கே ஓ'டோனெலுக்கு அந்தக் கவலை இருந்தது, காட்சி எவ்வளவு நேரம் போகும் என்று அவருக்குத் தெரியாது. அதனால் தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று என்று தனித்தனியாகச் செய்து, நடுவில் தாளத்தோடு ஓடும் பகுதியை எத்தனை தடவை வேண்டுமானாலும் மடக்கி மடக்கிப் போகும்படி வைத்தார். கேமிலும் அதே வழிதான். ஆட்டக்காரன் ஓர் இடத்தில் நுழைந்தால் தொடக்கம் வரும், அவன் அங்கேயே நின்றால் நடுப்பகுதி சுற்றிச் சுற்றி வரும், வேலையை முடித்தால் முடிவுக்குப் போகும். வெகுநேரம் எதுவும் செய்யாமல் சும்மா நின்றால் இசை தானே மெல்லத் தேய்ந்து அடங்கிவிடும்.

இதைப் படித்தபோது எனக்கு அமெரிக்கா நினைவுக்கு வரவில்லை, எங்கள் ஊர்க் கோயில் கொடைவிழாதான் நினைவுக்கு வந்தது. சுடலைமாடன் கோயிலில் சாமக்கொடை. மேளக்காரர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பவர் யாரும் இல்லை. அவர்கள் கண் முழுக்கக் கோமரத்தாடி, அதாவது சாமியாடி, மேல் இருக்கும். அவர் கால் விரல் நடுங்குகிறதா, தோள் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே ஒரே அடியைச் சுற்றிச் சுற்றி வாசிப்பார்கள். அருள் இறங்கும் நொடியில் மேளம் ஒரே தாவாகத் தாவும். முன்னாலேயே தாவினால் ஆட்டம் கெடும், பிந்தினால் சாமி நிற்காது. நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்திலும் பாருங்கள். தேர் எந்த முக்கில் நிற்கும், எப்போது கிளம்பும் என்று தெரியாது. வடம் இழுபடும் வரை நாயனம் போய்க்கொண்டே இருக்க வேண்டும், நகர்ந்த உடனே ஓசையிலும் நகர்வு தெரிய வேண்டும். எதிரே இருப்பவரைப் பார்த்து நீளும், சுருங்கும் இசை நமக்குப் புதிது இல்லை. கேமில் கோமரத்தாடியைப் பார்க்கும் கண்ணைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அறிந்துகொண்டேனே ஒழிய, புத்தியில் இறங்க ஓர் அவமானம் தேவைப்பட்டது. முதல் தடவை ஒரு ரிசப்ஷனில் வாசித்தபோது, மணமக்கள் மேடைக்கு நடந்து வர நான்கு நிமிடம் என்று சொன்னார்கள். நான் மூல ட்ராக்கை நான்கு நிமிடத்துக்குச் சுரம் பிசகாமல் எழுதிக் கொடுத்திருந்தேன். வாசல் விளக்கை அணைத்தார்கள், ஆரம்பித்தோம். மணப்பெண்ணுக்குத் தலையில் பூ சரிந்து, மறுபடி குத்திக்கொண்டிருந்தார்களாம். நாங்கள் உச்சத்துக்குப் போய், தவில் முழங்கி, கடைசிச் சுரத்தையும் வைத்து முடித்துவிட்டோம். வாசலில் யாரும் இல்லை. முந்நூறு பேர் இருட்டில் வாசலையே பார்த்துக்கொண்டிருக்க, எங்கோ ஒரு குழந்தை அழும் சத்தம் மட்டும். அப்புறம் அந்தப் பெண் நடந்து வந்தபோது எங்களிடம் வாசிக்க எதுவும் இல்லை. அவள் முகம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

அன்று ராத்திரியே தாளை மாற்றி எழுதினேன். குரல் தொடக்கம். பிறகு வயலினும் தவிலும் மும்மூன்றாக ஓடும் திஸ்ர நடை, இது மடக்கு, எத்தனை சுற்று என்று எழுதவில்லை. தவில்காரத் தம்பி வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். பெண் வாசல் நிலையைத் தாண்டிக் கால் வைத்ததும் அவன் தீர்மானம் என்கிற முடிப்பு அடியை வைப்பான், எல்லோரும் அடுத்த பகுதிக்குப் போவோம். அதற்கப்புறம் ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

கணியான் கூத்து மகுடத்தைச் சேர்த்தால் இன்னும் எடுப்பாக இருக்குமே?

இருக்கும், சந்தேகமே இல்லை. மகுடம் என்பது கணியான் கூத்தில் அடிக்கும் தோல் பறை. உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடத்தையும் வைக்கோல் தீயில் காட்டி, தோல் விறைத்ததும் அடித்தால் அந்த அதிர்வு நெஞ்சுக்கூட்டில் கேட்கும். ஆனால் அது சாமி காரியத்துக்கான வாத்தியம். கூத்தை நடத்தும் ஓர் அண்ணாவியிடம் போய்க் கேட்டேன். "கோயில்ல வாசிக்கத வேற எங்கயும் வாசிக்க மாட்டோம், மத்தபடி உங்களுக்கு அடி சொல்லித் தாரேன், தவில்ல வாசிச்சுக்கிடுங்க" என்றார். அவர் சொல்லித்தந்த ஓர் அடிதான் எங்கள் மடக்கில் இப்போது ஓடுகிறது.

மூலத்தில் வாசித்தது உண்மையான ஆர்க்கெஸ்ட்ராவா, கம்ப்யூட்டர் ஒலியா?

முதல் கேமில் இரண்டும் கலந்தது. 2004இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஸ்டீவ் வாய் என்ற கிடார் கலைஞர் இதே தலைப்பு இசையை மின்கிடாரில் வாசித்தார். 2007இல் மூன்றாம் பாகத்துக்கு 60 பேர் கொண்ட ஆர்க்கெஸ்ட்ராவும் 24 பேர் பாடகர் குழுவும் சேர்ந்து பதிவு செய்தார்கள். ஒலியின் அகலம் அதில்தான். என் மனசு என்னவோ முதல் பதிவிடமே திரும்பிப் போகிறது, ஆள் குறைவாக இருந்ததால் அந்தக் குரல்கள் பக்கத்தில் நிற்கின்றன.

அந்நிய இசையை மங்கல வாத்தியத்தில் வாசிக்கலாமா?

மரியாதையாகக் கேட்டவர்களும் உண்டு, கோபமாகக் கேட்டவர்களும் உண்டு. இருவருக்கும் நான் சொல்வது எட்டயபுரத்தைத்தான். முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் மறைந்ததும், அவர் சமாதி இருப்பதும் அங்கே. அவர் வெள்ளைக்காரர்களின் பேண்டு மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத சாகித்தியம் எழுதி வைத்திருக்கிறார், நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி, எட்டயபுரம் சமஸ்தான வித்வானாக இருந்தவர். என் பிழைப்பே அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறது.

ஒரு கட்டுப்பாடு மட்டும் வைத்திருக்கிறோம். முகூர்த்தத்திலும் தாலி கட்டும் நேரத்திலும் இதை வாசிப்பதில்லை. அங்கே கெட்டிமேளம்தான். ரிசப்ஷனுக்கு மட்டும் இது.

வாசிக்க உரிமைப் பணம் கட்ட வேண்டாமா?

கல்யாணத்துக்கும் அதை ஒட்டிய விருந்து விழாக்களுக்கும் வாசிப்பதை 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52ஆவது பிரிவில், உரிமை மீறல் ஆகாது என்று விலக்கியிருக்கிறது. டிக்கெட் வைத்து நடத்தும் கச்சேரியும், பதிவு செய்து யூடியூபில் ஏற்றுவதும் அந்த விலக்கில் வராது. அதனால்தான் எங்கள் வீடியோவைக் கேட்பவர்களுக்கு இல்லை என்று சொல்கிறோம்.

பிள்ளைகளை அந்தக் கேம் விளையாட விடலாமா?

முதல் 'ஹேலோ'வுக்கு அமெரிக்காவில் கொடுத்த தரம் 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு. சுடுவதுதான் ஆட்டம், ரத்தமும் உண்டு. இசையைக் கேட்க வயது தேவையில்லை. என்னிடம் படிக்கும் ஒன்பது வயதுப் பெண் கேமைப் பார்த்ததே இல்லை, இரண்டாம் வயலின் பகுதி முழுக்க அவளுக்குப் பாடம்.

முதலில் எதைக் கேட்க வேண்டும்?

2002இல் வந்த முதல் ஆல்பத்தில் 26 ட்ராக் உண்டு. கடைசி ட்ராக்கின் பெயர் 'ஹேலோ' என்று மட்டும் இருக்கும். அதிலிருந்து தொடங்குங்கள். ஃபோன் ஸ்பீக்கரில் வேண்டாம், ஆண் குரல்களின் அடிப்பகுதி அதில் வராது. ஒரு சாதாரண ஹெட்போன் போதும்.

முதல் தடவை குரலை மட்டும் கேளுங்கள். இரண்டாம் தடவை, வயலின் கூட்டம் ஓட ஆரம்பித்ததும் தொடையில் தகிட தகிட என்று போட்டுக்கொண்டு போங்கள். மூன்றாம் தடவை நடுப்பகுதியில் எந்த இடத்தில் மடக்கு விழுகிறது என்று தேடுங்கள். எங்கள் தவில்காரத் தம்பிக்கு அதைக் கண்டுபிடிக்க நான்கு நாள் ஆயிற்று. கண்டுபிடித்த அன்று டவுனிலிருந்து ராத்திரி பதினொரு மணிக்கு ஃபோன் செய்து, "அண்ணே, கெடச்சிட்டு" என்று சொல்லிவிட்டு, வாயாலேயே வாசித்துக் காட்டினான்.